செத்தவர் சொத்துக்கு வில்லங்கம் பாருங்கள்: நிலவறை விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு

டெல்டாவில் நிலம் வாங்கப் போகிறவர் முதலில் மண்ணைப் பார்ப்பார், வாய்க்கால் பாய்ச்சலைப் பார்ப்பார். ஆனால் முன்பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டார். முப்போகம் விளையும் நஞ்சையாகவே இருந்தாலும் அடமானத்தில் கிடந்தால் அது வாங்கியவன் தலையில்தான் விடியும். திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாத விஷயமல்ல. இருந்தும் நெட்ஹேக் விளையாட்டில் ஒரு பிணத்தின் பக்கத்தில் கிடந்த தாயத்தை எடுத்து, எதையும் பார்க்காமல் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ரோக்லைக் என்று சொல்லப்படும் விளையாட்டுகளுக்கு மூதாதை 1980இல் மைக்கேல் டாயும் க்ளென் விச்மனும் எழுதிய ரோக். நிலவறை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். உயிர் ஒன்றுதான், செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மரபில் 1987இல் வெளியான நெட்ஹேக், செத்தவரை அப்படியே அழித்துவிடுவதில்லை. நீங்கள் இறந்த தளம், அங்கே கிடந்த பொருள்கள், உங்களைக் கொன்ற பிராணி, உங்கள் ஆவி எல்லாமாகச் சேர்ந்து ஒரு கோப்பாக வட்டில் பதிந்துவிடும். அதற்கு போன்ஸ், அதாவது எலும்புக் கோப்பு என்று பெயர். பிறகு அதே கணினியில் அல்லது அதே சர்வரில் இன்னொருவர் அந்த ஆழத்துக்கு இறங்கும்போது, புதுத் தளத்துக்குப் பதிலாக நீங்கள் செத்த தளம் அவருக்கு வந்து வாய்க்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரே மடிக்கணினி. நானும் அக்கா மகனும் முறை வைத்து ஆடுகிறோம். ஆற்றுப் பாசனத்தில் முறை வைப்பது போலத்தான். சண்டையும் அதே அளவு. வீரர்களுக்கு ஆறுகளின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். அவன் குடமுருட்டி, வெட்டாறு என்று வைப்பான். நான் அரசலாறு, வெண்ணாறு. ஆகவே எனக்கு எதிர்ப்படும் ஆவிகள் பெரும்பாலும் அவனுடையவை. பொது சர்வரில் ஆடினால் முன்பின் தெரியாத ஊர்க்காரர்களின் ஆவிகள் வரும். வழிமுறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

எப்போது, எங்கே வரும்

முதல் மூன்று தளங்களில் யார் செத்தாலும் போன்ஸ் மிஞ்சாது. நான்கு முதல் ஏழாம் தளம் வரை பாதிக்குப் பாதி வாய்ப்பு. எட்டு முதல் பதினொன்று வரை மூன்றில் இரண்டு. அதற்குக் கீழே போகப் போக வாய்ப்பு இன்னும் கூடும். கடைமடை விவசாயிக்கு இது புரியும்: மேலே கழிந்ததெல்லாம் கீழேதான் வந்து சேரும். சில சிறப்புத் தளங்களில் மட்டும் எப்போதும் மிஞ்சாது.

கோப்பு இருந்தாலே அது வந்துவிடும் என்றும் இல்லை. அந்த ஆழத்தில் நீங்கள் முதன்முதலாகக் கால் வைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். ஒருமுறை வந்துவிட்டால் கோப்பு வட்டிலிருந்து அழிந்துவிடும். ஆகவே ஒரு பிணம் ஒருவருக்குத்தான்.

படியில் நில்லுங்கள்

இறங்கியதும் முதல் வேலை, நகராமல் இருப்பது. நெட்ஹேக் உங்களிடம் இது செத்தவர் தளம் என்று சொல்லாது. ஒரே ஒரு விதிவிலக்கு: ஆவிக்கும் உங்களுக்கும் ஒரே பெயராக இருந்தால், இங்கே முன்பே வந்தது போல் இருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி தோன்றக்கூடும். மற்றபடி அறிகுறிகளை நீங்கள்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

முக்கிய அறிகுறி வேடிக்கையானது. எழுத்துக் குறிகளால் வரையப்படும் வழக்கமான திரையில் ஆவிக்கு உரிய குறி வெற்றிடம். அறையின் தரை வரிசை வரிசையாகப் புள்ளிகளால் நிரம்பியிருக்கும். நடுவே ஒரு புள்ளி மட்டும் இருக்காது. நாற்றங்காலில் ஒரு முடி பிடுங்கிய இடம் போல ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டைதான் ஆள். அரைப்புள்ளி விசையை அழுத்தி, சுட்டியை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் என்ன என்று கேட்டால் இன்னாருடைய ஆவி என்று பெயரோடு சொல்லும். படங்களோடு ஆடுகிறவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை, சுவையும் இல்லை.

அடுத்து, ஆவியைச் சுற்றி என்ன நடமாடுகிறது என்று பாருங்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான். செத்தவரின் பொருள் குவியலைப் பார்த்ததும் கால் தானாக அதை நோக்கிப் போகும். ஆனால் குவியலுக்கு உரியவரைக் கொன்றது எங்கேயும் போய்விடவில்லை. பெரும்பாலும் அதே தளத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மனிதர் உங்களைவிட வலுவாக இருந்தும் செத்திருக்கலாம். குடமுருட்டியைக் கொன்றவை சிப்பாய் எறும்புகள். மனிதனின் வேகம் 12 என்றால் அவற்றின் வேகம் 18. ஒவ்வொரு முறையும் ஒரு கடி, ஒரு கொட்டு. ஓடித் தப்பலாம் என்ற கணக்கே செல்லாது. படியிலேயே நின்றிருந்தால் மேலே ஏறிவிடலாம். அப்போது உங்களை ஒட்டி நிற்பவை மட்டும் கூடவே வரும், கூட்டத்தைப் பிரித்துப் பிரித்து அடிக்கலாம். நடு அறையில் மாட்டிக்கொண்டால் எட்டுப் பக்கமும் எறும்புதான்.

செத்தவர் வளர்த்த நாயோ பூனையோ அங்கே இருந்தால் அதுவும் இப்போது எதிரி. எசமான் போனதும் அதன் விசுவாசமும் போய்விடுகிறது. ஆனால் நாய்க்கு இறைச்சித் துண்டு ஒன்றை வீசினால் உங்கள் பக்கம் வந்துவிடும். நன்றாக வளர்ந்த பெரிய நாய் கிடைப்பது, அந்தத் தளத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பரம்பரைச் சொத்து என்பது என் கருத்து. அக்கா மகன் வாள்தான் சிறந்தது என்பான்.

ஆவியே இல்லையென்றால்

குவியல் உண்டு, ஆவி இல்லை, அல்லது ஆவியும் இல்லை குவியலும் இல்லை என்றால் இன்னும் கவனம் தேவை. தனியாக ஒரு சிலை நின்றால் அந்த ஆள் கல்லாகிப் போனவராக இருக்கலாம். பொருள்கள் சிலைக்குள்ளேயே இருக்கும், உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கல்லாக்கியது பெரும்பாலும் காக்கட்ரைஸ் என்ற கோழி போன்ற பிராணி. அதை வெறுங்கையால் அடித்தால் நீங்களும் பக்கத்திலேயே சிலையாக நிற்பீர்கள். ரத்தக் காட்டேரியோ மம்மியோ கொன்றிருந்தால் செத்தவரே அந்த இனமாக மாறி எழுந்துவிடுவார், தம் உடைமைகளோடு. அவர் வைத்திருந்த நல்ல வாள் உங்களுக்கு எதிராகத் திரும்பும். அத்தகைய தளத்தில் புதியவருக்கு என் ஆலோசனை ஒன்றுதான்: வந்த வழியே ஏறிவிடுங்கள்.

ஆவியை நகர்த்துவது

ஆவி குவியலின் மேலேயே தூங்கிக்கொண்டிருக்கும். பெயரைக் கேட்டு நடுங்க வேண்டாம். அதன் அடிக்கு ஓர் உயிர்ப்புள்ளிதான் குறையும். வேகம் 3, நீங்கள் நான்கடி வைத்தால் அது ஒரு அடி வைக்கும். ஆனால் அடிக்கச் சலிக்க வேண்டும்: அதன் காப்பு எண் மைனஸ் 5 (எண் இறங்க இறங்கக் காப்பு பலம்), உங்கள் வீச்சுகளில் பல வீணாகும். செத்தவருக்கு அதிகபட்ச உயிர்ப்புள்ளி எவ்வளவோ அவ்வளவும் ஆவிக்கு உண்டு. பெரிய வீரரின் ஆவியை அடித்துத் தீர்ப்பது களை பிடுங்குவது போன்ற வேலை. முதுகுதான் வலிக்கும், ஆபத்து இல்லை. அனுபவப் புள்ளி கிடைக்கிறது என்பதால் நான் அடிப்பேன்.

பொறுமை இல்லாதவர்கள் அதை எழுப்பி, பின்னால் வரவிட்டு, அறையின் மறுமூலை வரை இழுத்துப் போய்விட்டு, சுற்றிக்கொண்டு குவியலுக்குத் திரும்பலாம். அது திரும்பி வருவதற்குள் வேலையை முடித்துவிடலாம். எப்படியானாலும் சுற்றி வேறு எதிரி இல்லை என்று உறுதியான பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். ஆவியோடு மல்லுக்கட்டும் நேரத்தில் முதுகுப் பக்கம் எறும்பு வந்தால் கதை முடிந்தது.

கல்லை வாசியுங்கள்

ஆவி விலகிய இடத்தில் ஏறி நின்றால் கீழே கல்லறை இருப்பது தெரியும். கல்லில் பெயரும் சாவின் காரணமும் எழுதியிருக்கும். குடமுருட்டி, சிப்பாய் எறும்பால் கொல்லப்பட்டார், அவ்வளவுதான். பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திர சோழன் தன் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயிலைப் பார்த்திருக்கிறேன். செத்தவரின் பெருமையைச் சொல்வதற்கு அங்கே ஒரு கோயிலே நிற்கிறது. நெட்ஹேக் கல்லுக்குப் பெருமையில் அக்கறை இல்லை. எதனால் செத்தார் என்பதைத்தான் சொல்லும். உங்களுக்குத் தேவைப்படுவதும் அதுதான். கல்லில் எழுதிய பிராணியை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை என்றால், அது எங்கோ மறைவில் இருக்கிறது.

கல்லறையைத் தோண்ட வேண்டாம். அவருடைய பொருள்கள் மேலேதான் கிடக்கின்றன. பிணத்தைத் தின்னவும் வேண்டாம். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது; முயன்றவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

வில்லங்கம்

இனிதான் விஷயம். செத்தவரின் பையில் இருந்த பொருள் ஒவ்வொன்றையும் போன்ஸ் கோப்பு எழுதும்போது விளையாட்டு தனித்தனியாகச் சீட்டுக் குலுக்குகிறது. ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பில் அது சாபம் பட்டதாகிவிடும். அவர் உயிரோடு இருந்தபோது ஆசி பெற்ற வாளாக இருந்திருக்கலாம், உங்கள் கைக்கு வரும்போது அப்படி இருக்காது. சாபம் பட்ட வாளை ஏந்தினால் கையை விட்டு இறங்காது. சாபம் பட்ட தலைக்கவசத்தையோ மோதிரத்தையோ கழற்ற முடியாது.

இதைக் கேட்டுப் பயந்து எதையும் தொடாமல் வருகிறவர்களும் உண்டு. அது மறு எல்லை. தரையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைப்பதால் அநேகமாக எந்தக் கெடுதலும் இல்லை. அணிவதும் ஏந்துவதும்தான் ஆபத்து. எடுப்பதிலேயே ஆபத்தான பொருள் என்று ஒன்றை மட்டும் சொல்லுவேன்: சாம்பல் நிறக் கல். அது லோட்ஸ்டோனாக இருந்தால் அம்மிக்கல் போலக் கனக்கும், சாபமும் பட்டிருந்தால் கீழே போடவே முடியாது. முதலில் காலால் உதையுங்கள். உருண்டு போனால் எடுக்கலாம்; அசையாவிட்டால் அதன் பக்கமே போக வேண்டாம்.

சாபத்தைச் சோதிக்க எளிய வழி உங்களோடு வரும் பூனைக்குட்டி. சாபம் பட்ட பொருள் மீது அது விருப்பமாகக் கால் வைக்காது; வைத்தாலும் தயங்கித் தயங்கித்தான் வந்தது என்று திரையில் ஒரு வரி வரும். ஆனால் குவியலுக்கு இந்தச் சோதனை பயன்படாது. இருபது பொருளில் ஒன்று கெட்டாலும் பூனை தயங்கும், எது கெட்டது என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வேறொரு அறையில் நெல் காயப்போடுவது போல ஒவ்வொன்றாகப் பரப்பி வையுங்கள். பூனை எதைத் தாராளமாக மிதிக்கிறதோ அது உங்களுடையது. படியிறங்கும்போது பூனை உங்களை ஒட்டி நின்றால்தான் கூட வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பலிபீடம் எங்காவது தென்பட்டிருந்தால் வேலை இன்னும் சுலபம். அதன் மேல் நின்று எல்லாவற்றையும் கீழே போடுங்கள். கறுப்பு ஒளி மின்னினால் சாபம், மஞ்சள் ஒளி மின்னினால் ஆசி, ஒன்றும் மின்னாவிட்டால் இரண்டும் இல்லை. பூசாரி வகை வீரரைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அவருக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரியும்.

பொது சர்வரில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு வசதி. முடிந்த ஆட்டங்களின் விவரத்தை அங்கே யாரும் பார்க்கலாம். நெட்ஹேக் ஆல்ட் ஆர்க் போன்ற சர்வர்களில், சாகும்போது பையில் என்னென்ன இருந்தன என்ற பட்டியல்கூட உண்மைப் பெயர்களோடு கிடைக்கும். ஆவியின் பெயரை வைத்துத் தேடினால் போதும். இது ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் இதை வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்று மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். சாபம் பிறகு ஏறியது என்பதால் பட்டியலில் அது தெரியாது. ஆனால் வட்டமான தாயத்து என்று மட்டும் உங்கள் திரையில் தெரிவது உண்மையில் என்ன தாயத்து என்பது தெரிந்துவிடும்.

எனக்கு அந்தத் தாயத்து விஷயத்தில் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவு. அரசலாறு ஆறாம் தளத்தில் இறங்கினான். எறும்புகளைப் படியில் நின்றே தீர்த்தேன். ஆவியையும் தீர்த்தேன் என்று சொல்லலாம், பாதியில் சலித்து மூலைக்கு இழுத்துப் போய் விட்டேன். அதுவரை எல்லாம் முறைப்படி. பிறகு குவியலில் தாயத்தைப் பார்த்ததும், உயிரைக் காக்கும் தாயத்தாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. அதை வைத்திருந்தவன் செத்துத்தான் கிடக்கிறான் என்பதுகூட மனதில் உறைக்கவில்லை. மாட்டினேன். கழுத்தை இறுக்குகிறது என்று திரை சொன்னது.

கழுத்தை நெரிக்கும் தாயத்து ஆறு நகர்வுகளில் ஆளைக் கொல்லும். கழற்றப் பார்த்தேன், சாபம். இத்தகைய நேரத்தில் தெய்வத்தை வேண்டினால் காப்பாற்றும், ஆனால் ஒரு வேண்டுதலுக்கும் அடுத்ததற்கும் சுமார் ஆயிரம் நகர்வு இடைவெளி விட வேண்டும். எறும்புச் சண்டையில் அப்போதுதான் வேண்டியிருந்தேன். இருந்தாலும் வேண்டினேன், தெய்வம் கோபித்துக்கொண்டது. படியை நோக்கி மூன்றடி நடந்தேன், எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை. அத்தோடு சரி.

சத்தம் கேட்டு அவன் வந்து பார்த்தான். "அந்தத் தாயத்தையா போட்டுக்கொண்டீர்கள் மாமா? நான் பயந்துபோய் நான்கு தளமாகப் போடாமலே வைத்திருந்தேனே."

மற்ற விளையாட்டுகளில்

நெட்ஹேக் பழக்கத்தை அப்படியே வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். டன்ஜன் க்ரால் ஸ்டோன் சூப்பில் செத்தவர்களின் ஆவி நெட்ஹேக் ஆவி போல நோஞ்சான் அல்ல. உயிரோடு இருந்தபோது இருந்த வலுவோடும் மந்திரங்களோடும் அடிக்கும். செத்தவரின் பொருளும் அங்கே கிடக்காது. 2018இல் வந்த 0.22 பதிப்பிலிருந்து ஆவிகள் அவற்றுக்கென்று அமைந்த மூடிய அறைகளில் மட்டுமே இருக்கின்றன. கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம். புதியவர் திறக்காமல் போகலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

கைபேசியில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜனில் தொடங்குவார்கள். அங்கே கிடைப்பது அடுத்தவர் எலும்பு அல்ல, உங்கள் முந்தைய வீரனுடைய எலும்பு. அவன் செத்த ஆழத்தில் அவன் விட்டுப்போன பொருள் காத்திருக்கலாம். அது ஆயுதமோ கவசமோ என்றால் சாபம் பட்டிருக்கும் என்று கொள்ளுங்கள். எடுக்கும்போது ஒரு பேய் கிளம்பி வரவும் கூடும். உயிர்ப்புள்ளி நிறைந்திருக்கும்போது மட்டும் தொடுங்கள்.

நீங்கள் சாகும்போது

இதுவும் வழிகாட்டியில் சேர்த்தி, ஏனென்றால் நீங்கள் சாகத்தான் போகிறீர்கள். நான்காம் தளத்துக்குக் கீழே தப்பவே வழியில்லை என்று ஆனபின், உங்கள் பெயரையும் பையையும் யாரோ ஒருவர் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆழத்துக்கு ஏற்கெனவே ஒரு போன்ஸ் கோப்பு இருந்தால் உங்களுடையது பதியாது. வீரனுக்குப் பெயர் வைக்கும்போதும் கொஞ்சம் யோசியுங்கள். விசைப்பலகையில் கைக்கு வந்ததைத் தட்டி வைத்த பெயர் கல்லறைக் கல்லில் பார்க்க நன்றாக இருக்காது. சொந்தப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பொது சர்வரில் வைக்க வேண்டாம்.

அரசலாறு செத்தபோது குடமுருட்டியின் கோப்பு அழிந்துபோய் இடம் காலியாக இருந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் புதுக் கோப்பு பதிந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து அவனுடைய வெட்டாறு ஆறாம் தளத்தில் இறங்கினான். அறையில் இரண்டு புள்ளிகள் இல்லை. ஒன்று மூலையில், நான் இழுத்துப் போய் விட்ட இடத்துக்குப் பக்கத்தில். இன்னொன்று படிக்கு மூன்றடி முன்னால் ஒரு குவியலின் மேல். அவன் முதலில் என் கல்லை வாசித்தான், பிறகு பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தான், தாயத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறிப் போனான்.